நாலு வரித் திருத்தம்

செழியா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் நான் யோசிக்கவில்லை, விசாரித்தேன். விழுப்புரத்தில் முப்பது வருடம் நிருபராக அலைந்தவனுக்கு அதுதான் எளிது. திங்கட்கிழமை ஒருவரைப் பார்த்தேன், நேற்று இன்னொருவரைப் பார்த்தேன். இன்று புதன். நாளை திண்டிவனம் பஸ் பிடித்து, இதை உன் கையில் கொடுத்துவிட்டு ஒரு டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் நீ படிக்க மாட்டாய்.

நீ கேட்டதை முதலில் எழுதி வைக்கிறேன். நீ பாடம் எடுக்கும் வகுப்பில் இரண்டாம் ஆண்டு வேதியியல் படிக்கும் ஒரு பெண், மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வருபவள், ஒரு மாதமாக வருவதில்லை. வெள்ளிக்கிழமை டி.சி. வாங்க வருகிறாள். நீ சொன்னாய்: “அப்பா, நீங்க ரிட்டயர்மெண்ட் பங்ஷன்ல மைக்ல சொன்னீங்களே, பிளாட்பாரத்துலேர்ந்து கையைப் புடிச்சிக் கூட்டினு வந்தேன்னு. அந்த மாதிரி நீங்க வந்து அவங்க வூட்ல ஒரு வார்த்தை பேசறீங்களா? எனக்கு அப்படி வராது.” நீ விட்டுக்கொடுத்துப் பேசுகிறவன் ஆயிற்றே, நீயே தொடர்ந்தாய்: “கையைப் புடிச்சது எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.” அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

நீ இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்ததை, எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன். நீ தினமும் காலையில் குளித்து, சாப்பாட்டு டப்பாவோடு கல்லூரிக்குக் கிளம்புவாய். மாலையில் வருவாய், படுப்பாய். ஊரில் எந்தத் தெருவில் எந்தக் குழாய் உடைந்தாலும் எனக்கு முதலில் சொல்ல ஆள் இருந்தது. என் வீட்டுச் செய்தி மட்டும் எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க பையன் டெய்லி அஞ்சாவது பிளாட்பாரத்துல குந்திக்கினு இருக்கான். வண்டி வருது, போவுது, எதுலயும் ஏற மாட்றான். யாரையும் பாக்கவும் மாட்றான். நானும் மூணு வாரமா பாக்கறேன்” என்றார்.

நான் போனேன். அதுவரை உண்மை. மேம்பாலப் படிக்கட்டில் பாதியில் நின்று கீழே பார்த்தேன். நீ பையை மடியில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். டப்பா பக்கத்தில் திறக்காமல் இருந்தது. என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் உள்ளே போய்க் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வருகிறவன் நான். உன்னிடம் கேட்க ஒரு கேள்விகூட என்னிடம் இல்லை. படியேறித் திரும்பி வந்துவிட்டேன். அன்று மாலை வீட்டில் கத்தினேன், அது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா, “கத்தறதுக்கு அங்கயே கூப்ட்டு வந்திருக்கலாமே” என்றாள். மறுநாளும் நீ அதே பிளாட்பாரத்துக்குத்தான் போனாய். உன் கையை நான் பிடிக்கவில்லை. மாலையும் சால்வையும் போட்ட மேடையில் அந்த வாக்கியம் தானாக வந்தது. எல்லோரும் கைதட்டியதால் அப்படியே விட்டுவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப்போயிருக்க வேண்டும். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை என்று மற்றவர் பிள்ளைக்கு இருந்தால் நானே ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லியிருப்பேன். என் பிள்ளைக்குச் சொல்ல வெட்கப்பட்டேன்.

அப்படியென்றால் உன்னை அங்கிருந்து எழுப்பியது எது? இத்தனை வருடத்தில் இதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை. திங்கட்கிழமை காலை, உன் கல்லூரியில் வேதியியல் நடத்திய ஸ்டெல்லா மேடத்தைப் பார்க்கப் போனேன். மேடம் ஓய்வு பெற்றாலும் பேச்சில் மாற்றமில்லை. நான் ஏதோ பேட்டி எடுக்க வந்தவன் போல நோட்டை எடுத்ததும், “அதை உள்ள வைங்க சார், அந்த நோட்டைப் பாத்தாலே எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருது” என்றார். உள்ளே வைத்தேன்.

நீ டி.சி. வாங்கப் போயிருக்கிறாய். அது எனக்கு இத்தனை நாள் தெரியாது. பாக்கி இல்லை என்று துறையில் கையெழுத்து வாங்கும் பாரத்தோடு மேடத்தின் முன் நின்றாயாம். மேடம் பேனாவைத் திறந்துவிட்டு உன்னிடம் கேட்டது இதுதான்: “உங்க வூட்ல பருப்பு எத்தினி விசில்ல வேகும்?” நீ தெரியாது என்றாய். “கேட்டுக்கினு வா. கையெழுத்து எங்க போயிடப் போவுது.” அந்தக் கேள்வி மேடம் கல்யாணமாகிக் குடிபோன தெருவில் பிறந்தது, கிளியனூர்ப் பக்கத்து ஒரு சிற்றூரில். அந்தத் தெருவில் கூப்பிடு தூரத்தில் இரண்டு கிணறுகள். ஒன்றின் தண்ணீரில் பருப்பு வேகும், இன்னொன்றில் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. ஏன் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், எதுவும் நிற்கவில்லை.

அவனை எப்படியாவது தடுக்க வேண்டும் என்று நினைத்துத்தானே அப்படிக் கேட்டீர்கள் என்றேன். எனக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. மேடம் சிரித்தார். “காப்பாத்தணும்னுலாம் நெனைக்கல சார். அதெல்லாம் நீங்க எழுதறது. எனக்குப் பருப்பு வேகல. பசங்க நாலு பேர் கெடைச்சா அளந்து பாக்கலாம்னு இருந்தேன். மத்தவன்லாம் மார்க் எவ்ளோ மேடம்னு கேட்டான். உங்க பையன் ஒருத்தன்தான், ‘அப்போ உங்களுக்கே தெரியாதா மேடம்’னு கேட்டான். எனக்கும் தெரியாதுடான்னேன். ஒரு மாதிரி பாத்தான்.” அந்தப் பாரம் எங்கே என்று கேட்டேன். “ரொம்ப நாள் என் டிராயர்லயே கெடந்துச்சு. அவனும் கேக்கல, நானும் குடுக்கல.”

இதற்குப் பிறகு நடந்ததில் பாதியை நான் வீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன், என்ன பார்க்கிறேன் என்று தெரியாமல். ஒரு நாள் நீ அடுப்படியில் நின்று குக்கரின் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாய். பருப்பு எந்தக் கடையில் வாங்கியது, ஊற வைத்தாயா, தண்ணீர் எந்தக் குழாய் என்று கேள்வியாகக் கேட்டாய். “பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தினி கேக்கல” என்றாள் உன் அம்மா. நீ சிரித்தாய். அவள் தோசைக்கரண்டியோடு கூடத்துக்கு வந்து என்னிடம், சிரிச்சான் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கல்லூரி கொடுத்த அந்தப் பேனா மாதிரி மீட்டரை, தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டுமே, அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு அலைந்தாய். பஸ் ஸ்டாண்டு டீக்கடைத் தண்ணீரையும் கோயில் தீர்த்தத்தையும்கூட விடவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தத் தெருவுக்குப் போனாய். மற்ற நாட்களில் வகுப்புக்கும் போனாய். வகுப்பு பிடித்துப்போனது என்று நான் நினைக்கவில்லை. சனிக்கிழமை கொண்டுவந்த எண்ணுக்குத் திங்கட்கிழமை அங்கே வேலை இருந்தது, அவ்வளவுதான் எனக்குப் புரிகிறது.

அந்த வேலையைக் கெடுத்தவன் நான். அதுவும் உனக்குத் தெரியும். ஆனால் எப்படிக் கெடுத்தேன் என்று நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. உன் நோட்டு சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. அஞ்சலை என்பவரின் கிணறுதான் தெருவிலேயே நல்ல தண்ணீர், பருப்பு வேகும் கிணறு. வாரா வாரம் அதற்கு எதிரே மூன்று இலக்க எண் எழுதியிருந்தாய். கடைசி வரியில் மட்டும் நான்கு இலக்கம். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குறியை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு என்னிடம் வேறு செய்தி எதுவும் இல்லை, ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. உன்னைக் கேட்காமல், அந்த ஊருக்குப் போகாமல், உப்பாக மாறும் கிணறு என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். வியாழக்கிழமை நாலு பத்தி அகலத்தில் வந்தது. அஞ்சலை பெயரைப் போடவில்லை. ஆனால் கருவாடு காயப்போடும் வீட்டுக் கிணறு என்று எழுதினால் அந்தத் தெருவில் வேறு யாரை நினைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை கெடாரிலிருந்து அஞ்சலையின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், இந்த ஊர்ப் பெண்ணை எடுத்தால் நாளைக்கு வரப்போக இருக்கணும், குடிக்கத் தண்ணி இல்லாத வீடாமே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உனக்கு எதுவும் தெரியாது, நீ பேப்பர் படிக்கிறவன் இல்லை. சனிக்கிழமை மீட்டரோடு போய் நின்றாய். தெருவே வாசலில் நின்றது என்று நீ அன்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தாய், நோட்டை எடுத்து உள்ளே வைத்தாய், என்னை ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாய். ஞாயிறும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அந்தப் பிளாட்பாரம்தான் என்று உன் அம்மாவும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே நினைத்தோம்.

திங்கட்கிழமை மேடம் உன்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். ஆறுதல் சொல்லியிருப்பார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் கேட்டது, “ரெண்டாவது தடவ அளந்தியா? எவ்ளோ வந்துச்சு?” என்றுதானாம். அளக்க விடவில்லை என்றிருக்கிறாய். “அப்போ நமக்கு இன்னும் தெரியாது” என்று வைத்துவிட்டார். அந்த ‘நமக்கு’ என்ற சொல்லை மேடம் சாதாரணமாகச் சொன்னார், நான்தான் வீடு வரைக்கும் அதைச் சுமந்து வந்தேன்.

புதன்கிழமை நீ தனியாகப் போனாய். அங்கே என்ன நடந்தது என்று வீட்டில் நீ சொன்னது ஒரே வரி: “பக்கெட்டுல உப்பு இருந்துச்சி, திருத்தம் போடுங்க.” மீதியை நேற்று அஞ்சலை வீட்டில் தெரிந்துகொண்டேன். முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டியிருந்தது. செழியனின் அப்பா என்றதும் முறத்தில் இருந்த கருவாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்தத் தம்பி நல்லா இருக்குதா? கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டார். பேப்பரில் எழுதியதும் நான்தான் என்று அடுத்துச் சொன்னேன்.

“அந்தப் பேப்பர்காரன் நீங்கதானா? குந்துங்க. இத்தினி வருசமா திட்டிக்கினு இருக்கேன், ஆளு மூஞ்சி தெரியாமயே. இன்னிக்குத்தான் தோதா இருக்குது.”

உட்கார்ந்தேன். திட்டவும் செய்தார், அதை எழுதப் போவதில்லை. திட்டி முடித்துத் தண்ணீர் கொடுத்தார், அதே கிணற்றுத் தண்ணீர். பிறகு சொன்னார். நீ போனபோது கதவைத் திறக்கவில்லையாம். நீ கிணற்றடியில் நின்றுகொண்டு, “உள்ள வரல. நீங்களே ஊத்துங்க, நான் தொடக்கூட மாட்டேன்” என்றாயாம். அவர் சொம்பில் ஊற்றினார், மூன்று இலக்கம். குடத்தில் ஊற்றினார், அதே எண். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றினார், அதே. கடைசியாக, நான்கு இலக்கம் வந்த நாளில் உனக்குக் கொடுத்த நீலப் பக்கெட்டில் ஊற்றியதும் மீட்டர் எகிறியது. மீனுக்கு உப்புப் போட்டு ஊற வைக்கிற பக்கெட் அது. அடியில் உப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. “எனக்கே சிரிப்பு வந்திடுச்சி. நாந்தான அந்தப் பக்கெட்டைக் குடுத்தேன். ஆனா அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லல. தெருவுல எல்லார் முன்னாடியும், ‘பக்கெட்டைக் கழுவாம அளந்தது நான்தான், தப்பு என்னுது’ன்னுச்சி. பேப்பர்ல போட்டது யாருடான்னு கேட்டாங்க. ‘நோட்டைத் தொறந்து வெச்சதும் நான்தான்’னு சொல்லிட்டு நிக்குது.”

இதைக் கேட்டபோது என் பக்கத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, ஒரு காக்கை அதைச் சுற்றி வந்தது, அஞ்சலை அதைக் கையால் விரட்டினார். இந்த மாதிரித் துல்லியமாக எல்லாவற்றையும் கவனிப்பது என் பழக்கம். இவ்வளவு கவனிக்கிறவன் உன் கேள்விக்குறியை மட்டும் எப்படித் தாண்டிப் போனேன்? கெடார்க்காரர்கள் திரும்ப வரவில்லை. மகளைக் கண்டாச்சிபுரத்தில் கொடுத்திருக்கிறார்கள், நன்றாக இருக்கிறாள் என்றார். நன்றாக இருப்பதால் நான் செய்தது சரியாகிவிடாது.

நீ சொன்னபடி அன்று திருத்தம் போட்டேன். ஆறாம் பக்கத்தின் அடியில், தொலைந்துபோன சான்றிதழ் விளம்பரத்துக்கும் ஏலம் ஒன்றின் அறிவிப்புக்கும் நடுவில். வெளியான அளவு சரியானதல்ல, வருந்துகிறோம். யார் அளந்தது, யார் கேட்காமல் எழுதியது, எப்படித் தெரியவந்தது, ஒன்றும் இல்லை. நீ அதைப் படித்துவிட்டுக் கேட்டாய்: “நியூஸ் நாலு பத்தி, திருத்தம் நாலு வரி. ஏம்பா, தப்பு அதுக்குள்ள சின்னதாயிடுச்சா?” அதற்கும் நான் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இனி உன் கேள்வி. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் வர மாட்டேன். எனக்குப் பேச வரும், அதனால்தான் வர மாட்டேன். அவர்கள் முன்னால் நான் மறுபடி ஒரு நல்ல வாக்கியம் சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை அவள் பாரத்தோடு வரும்போது நீ பேனாவைத் திறக்க வேண்டியவன். அதற்கு முன், அவள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று உன்னோடு வேலை பார்க்கும் பெண் ஆசிரியர் ஒருவரை விட்டு விசாரி. உடம்போ மனசோ சரியில்லை என்றால் முதலில் டாக்டர், நான் செய்த மாதிரி செய்யாதே. பஸ், வீட்டு வேலை, கல்யாணப் பேச்சு என்று வேறு காரணம் இருந்தால் அதை அதன் வழியில் பார். கிணறு எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. உனக்கு ஏன் அது வேலை செய்தது என்று இன்றும் எனக்கு முழுசாகத் தெரியாது. ஒன்று மட்டும் விசாரணையில் திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளி நாளிலிருந்து உன்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டவரிடம் பதில் தயாராக இருந்தது. நீ அதைச் சொல்கிறாயா இல்லையா என்று பார்த்தார்கள். மேடம் கேட்டதற்கு அவரிடமே பதில் இல்லை. நீ போய்ப் பார்த்தால்தான் உண்டு. நீ போகாவிட்டால் அந்தச் சனிக்கிழமை எண் உலகத்தில் எங்கேயும் இருக்காது.

ஆகையால் அவளிடம் ஏதாவது கேட்பதானால், உனக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேள். தந்திரமாகக் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். உனக்கும் அந்த வயதில் தெரிந்திருக்கும். அவள் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கு நின்றால், போட்டுக் கொடுத்துவிடு. அது அவள் பாரம். அவள் தங்கிவிட்டால் அதை மைக்கில் சொல்லாதே.

கேட்க என்ன இருக்கிறது என்று நீ யோசிக்கலாம். அந்தக் கிணறுகளைப் பற்றி நீ எழுதிய அறிக்கையை மேடம் வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார். கடைசி வரி: ‘இரு கிணறுகளுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம் தெரியவில்லை.’ ஒரு இளங்கலை மாணவன் அப்படி எழுதி முடிக்கலாமா என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டாராம், மேடம், “தெரியலன்னா வேற எப்படி எழுதறது” என்றாராம். நேற்று நான் கிளம்பும்போது அஞ்சலையும் அதைத்தான் கேட்டார்: “அந்தத் தம்பி கண்டுபுடிச்சிச்சா? என் கிணறு மட்டும் ஏன் நல்லா இருக்குதுன்னு?” இல்லை என்றேன். அவர் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “இந்த வருசம் பருப்பு லேட்டாத்தான் வேகுது. ரெண்டு விசில் ஜாஸ்தியாவுது. நெசமா, எம் மனசா, தெரியல.”

இதை நான் எந்தப் பேப்பருக்கும் சொல்லவில்லை. ஊரின் பெயரை இங்கேயும் எழுதவில்லை, உனக்குத் தெரியும். நாலு வரியில் முடித்த திருத்தத்தை முழு அளவில் எழுதினால் இவ்வளவு வருகிறது. செய்தியைப் படித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் இந்த முறை உன் நோட்டில் இருப்பதை உன்னைக் கேட்காமல் வெளியே கொடுக்க மாட்டேன். சம்மதம் என்றால் சொல், இல்லையென்றால் இது உன்னோடு இருக்கட்டும்.

அஞ்சலை வாசல் வரைக்கும் வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “தம்பியால வர முடியலன்னா, படிக்கிற புள்ளைங்க யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க. பக்கெட்டை நானே கழுவி வெக்கிறேன்.”

அப்பா